ஈரமும் தணிவும்

ஆங்கிலத்தின் 'டேம்ப்' என்ற சொல்லுக்கு ஈரம், ஓதம் என்று பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். முதலில் அது ஆவியைக் குறித்த சொல். நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பற்றும் வாயுவுக்கு 'ஃபயர்டேம்ப்' என்று பெயர். அதற்குப் பயந்துதான் 1815-இல் ஹம்ஃப்ரி டேவி பாதுகாப்பு விளக்கைச் செய்தார். அதே சொல் வினையாகி நெருப்பை, ஓசையை, உற்சாகத்தை அடக்குவதையும் குறித்தது.

நம்ம 'ஈரம்' வேற பக்கம் போச்சு. நெஞ்சுல ஈரம் இல்லாதவன்னா இரக்கம் இல்லாதவன். அங்கே அடக்குவது, இங்கே கசிவது.

இந்த இரண்டும் சந்திக்கிற ஊர் திருத்தணி. ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கையில் முழுகி, தமிழும் தெலுங்கும் பேசுகிற கூட்டம் ஈரத்துணியோடு 365 படி ஏறும். மேலே இருப்பவன் சினம் தணிந்தவன். அதனால்தான் அது தணிகை.

அநியாயத்துக்கு ஆளானவரிடம் நாம் சட்டென்று சொல்வது, "விடுப்பா, கோவத்தைத் தணிச்சுக்கோ." சொல்லும்போது நமக்கு நெஞ்சில் ஈரம் இருப்பதாகவே தோன்றும். உண்மையில் எரிய வேண்டிய விறகில் தண்ணீர் ஊற்றுகிறோம். புகைதான் மிச்சம், அதுவும் அவர் கண்ணில்தான்.

தலபுராணத்தின் வரிசையைக் கவனியுங்கள். முருகன் தணிந்தது சூரனை வென்ற பிறகு. யாரும் அவனைப் பாதிப் போரில் தணியச் சொல்லவில்லை. இரக்கம் என்பது ஒருவரின் கோபத்தை அணைப்பதல்ல. அந்தக் கோபத்துக்கு வேலை இல்லாமல் போகும்வரை கூட நிற்பது. தணிவு அதற்கப்புறம் தானா வரும்.