கை அறிந்த காரணம்

எமது செயல்களுக்கு நாமே கூறிக்கொள்ளும் காரணங்கள் எவ்வளவு தூரம் உண்மையானவை? வகுப்பறையிலே சாதிக் கொடுமையைப் பற்றித் தொண்டை வரளப் பேசிவிட்டு வீடு திரும்பிய ஒரு மாலையில் இக்கேள்வி எம்மைப் பிடித்துக்கொண்டது.

அன்று எமது வளவிலே வேலி அடைக்க முதியவர் ஒருவர் வந்திருந்தார். "கொஞ்சம் தண்ணி தாங்கோ, மாஸ்ரர்" என்றார். கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துக் கொடுத்தோம். வெயிலில் நிற்பவருக்குச் சுத்தமான நீர். கிணற்றிலோ சற்றுச் சவர். இப்படி எண்ணி மனநிறைவும் கொண்டோம். சிறிது நேரத்தில் காப்புறுதி முகவர் ஒருவர் வந்தார். அவருக்கு அதே கிணற்று நீர் எவர்சில்வர் பேணியிலே போயிற்று. சுத்தம் பற்றிய கவலை அப்போது எங்கே ஒளித்ததோ!

நாம் பொய் சொல்லவில்லை, அதுதான் சங்கடம். நிஸ்பெற், வில்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 1977இல் வெளியிட்ட ஆய்வொன்று நினைவுக்கு வருகிறது. முற்றிலும் ஒரே மாதிரியான 4 சோடி காலுறைகளை வரிசையாக வைத்து, சிறந்ததைத் தெரியும்படி கேட்டார்கள். வலப்பக்கக் கடைசியில் இருந்ததையே அதிகம் பேர் தெரிந்தனர். வைத்த இடந்தான் காரணமோ என்று வினவியபோது, ஏறக்குறைய எல்லோரும் மறுத்துவிட்டனர்.

எமது பாட்டனார் காலத்து யாழ்ப்பாணத்திலே இம்முதியவரின் முன்னோருக்குச் சிரட்டையில் நீர் வார்த்தார்கள். பொது இடங்களிலே சாதி காரணமாகத் தடுப்பதை 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அப்படியிருந்தும் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைக்குள் நுழைவதற்கே போராட வேண்டியிருந்தது, உயிர்களும் போயின. கடைக் கதவு திறந்தது. எமது அடுக்களைத் தட்டு வரையில் அப்போராட்டம் எட்டவில்லை. சிரட்டை உருமாறி, மூடி போட்ட போத்தலாக எம் கையில் வந்து நின்றது. குடித்ததும் எறிந்துவிடலாம், கழுவித் திரும்ப அடுக்க வேண்டியதில்லை. சுத்தமன்று, அந்த வசதியே எமது கை அறிந்த காரணம்.

தன் உள்ளத்தைத் துருவினால் உண்மை புலப்படும் என்பர். எமக்கு அதில் ஐயம் உண்டு. குற்றவாளியே சாட்சிக் கூண்டில் ஏறும் வழக்கு அது. யாருக்கு எந்தப் பாத்திரம் என்று எமது வீட்டுத் தட்டைப் பார்ப்பதே மேல்.

மறுநாள் பேணியிலே நீர் கொண்டு போனோம். முதியவர் சிரித்தார். "இருக்கட்டும், மாஸ்ரர்" என்று வேலிக் கதியாலைக் காட்டினார். வீட்டிலிருந்தே நிரப்பிக் கொண்டுவந்த போத்தல் ஒன்று அதிலே தொங்கிற்று. ஏன் கொண்டுவந்தார் என்று கேட்க எமக்கு நா எழவில்லை.