வேண்டாத நிழல்

சித்தி பொண்ணு லீவுக்கு இரும்புலியூர் வந்தால் என் கம்ப்யூட்டர் அவளுக்குக் கிடைப்பது ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான். அன்றும் அப்படித்தான். ஃபைனல் ஃபேண்டஸி 14 விளையாட்டில் தன் பாத்திரத்தை ஒரு படிக்கட்டில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும். "அண்ணா, மூஞ்சியே தெரிய மாட்டேங்குதுண்ணா" என்றாள்.

போய்ப் பார்த்தேன். நெற்றிமுடியின் நிழல் ஒரு கண்ணை மூடியிருந்தது. மூக்கின் நிழல் உதட்டுக்கு மேலே மீசை மாதிரி. பாத்திரம் அவளைப் போலவே நல்ல கறுப்பு. நிறக்கட்டங்களில் தன் கையை வைத்து ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்ததாக முன்பே சொல்லியிருக்கிறாள்.

அந்த விளையாட்டில் படம் எடுக்கும்போது மூன்று விளக்குகள் வைத்துக்கொள்ளலாம். கேமரா எங்கே நிற்கிறதோ அங்கேயே விளக்கும் வந்து உட்காரும். அதனால் புதிதாக எடுப்பவர்கள் மூன்றையும் முகத்துக்கு நேரே வைத்துவிடுவார்கள். அவளும் அதைத்தான் செய்தாள். மூன்றும் முழு வெளிச்சத்தில். நிழல் போயே போச்சு. கூடவே கன்னமும் தாடையும் போச்சு. பளபளவென்று வெளுத்த ஒரு பெண் நின்றாள்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு" என்றேன். பொய்.

ஏன் பொய் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். நினைவு பெரியப்பாவிடம் போய் நின்றது. அவர் தாம்பரத்தில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்தார். ஃபிலிம் காலம். நெகட்டிவைக் கண்ணாடி மேல் வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு வேலை செய்வார். 'டச்சிங்' என்பார்கள். நெகட்டிவில் நிழல் தெளிவாக, கண்ணாடி போல இருக்கும். அந்த இடத்தில் பென்சில் கரியை ஏற்றினால் பிரிண்டில் அது வெளுத்துவிடும். கரியைப் பூசி முகத்தை வெளுக்க வைக்கும் வித்தை! சின்ன வயதில் எனக்கு அது மந்திரமாகத் தெரிந்தது.

சித்தியின் கல்யாண போட்டோவை அவர்தான் எடுத்தார். கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், கழுத்து, எல்லா நிழலையும் எடுத்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் பெண் பார்க்க வந்தார்கள். சித்தி காபித் தட்டோடு வந்து நின்றபோது அந்த வீட்டு அம்மா ஒருத்தர், "போட்டோல கலரா இருந்துச்சே" என்றாராம். சத்தமாகக்கூட இல்லை. சித்தி தட்டை வைத்துவிட்டு உள்ளே போனவள் அவர்கள் கிளம்பும்வரை வரவில்லை. அம்மா சொல்லிக் கேட்டது இது. பெரியப்பாவிடம் நான் ஒருமுறை கேட்டேன். "அவ நல்லதுக்குத்தாண்டா பண்ணேன்" என்றார். அவர் சொன்னதை நம்புகிறேன். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்குச் சுலபமாக இல்லை.

'வேண்டாத நிழல்' என்று சொல்லும்போது வேண்டாம் என்று சொல்வது யார்?

விளையாட்டில் நிழல் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் பிடிபடும். 1978-இல் லான்ஸ் வில்லியம்ஸ் எழுதிக்காட்டிய வழிதான் இன்றும் பெரும்பாலும் அடிப்படை. விளக்கு இருக்கும் இடத்திலிருந்து காட்சியை ஒருமுறை ஆழம் அளந்து வைத்துக்கொள்வது. பிறகு கேமராவுக்குத் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, "இது விளக்குக்குத் தெரிந்ததா?" என்று கேட்பது. தெரியாவிட்டால் நிழல். ஆக, விளக்கின் கண்ணுக்கு மறைந்த இடம்தான் நிழல். அந்தப் பொருளிடம் எந்தக் குறையும் இல்லை.

இந்தக் கணக்கில் சின்னப் பிசகு வந்தால் முகமெல்லாம் கோடுகோடாக அழுக்குப் படியும். அதைத் தவிர்க்க நிழலைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். அதிகம் தள்ளிவிட்டால் நிழல் காலைவிட்டுக் கழன்று, ஆள் அந்தரத்தில் மிதப்பதுபோல ஆகிவிடும். தன் நிழலைத் தொலைத்த பீட்டர் பேன் பெயரால் அதைப் 'பீட்டர் பேனிங்' என்கிறார்கள்.

நம்மிடம் இதற்கு இன்னும் பழைய கதை இருக்கிறது. தமயந்தி சுயம்வரத்தில் இந்திரன், அக்னி, வருணன், யமன் நால்வரும் நளன் உருவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து நளன்கள். கண் இமைக்காதவர்கள், மாலை வாடாதவர்கள், கால் தரையில் படாதவர்கள், நிழல் விழாதவர்கள் தேவர்கள். நளனுக்கு வியர்த்திருந்தது, மாலை வாடியிருந்தது, நிழல் விழுந்திருந்தது. அவள் நிழல் உள்ளவனுக்கு மாலை போட்டாள். அந்த நால்வரும் பெரியப்பா டச்சிங் செய்த போட்டோ மாதிரிதான் இருந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அதற்காக நிழலைத் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகலில் எங்கள் மொட்டைமாடிக்கு வரலாம். சென்னைப் பக்கம் வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மறுபடி. நிழலில்லா நாள் என்று பேர். நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. நான் அன்றைக்கு ஒரு செல்ஃபி எடுத்தேன். தரையில் காணாமல் போன நிழல் அத்தனையும் முகத்தில் இருந்தது. கண் இரண்டும் குழி, தாடைக்குக் கீழே ஒரே இருட்டு. அது நானா என்றால் அதுவும் இல்லை. உச்சிவெயில் சொல்வதும் ஒரு பொய்தான். கறுத்த முகத்தை இருட்டில் விட்டுவிட்டு 'இதுதான் உண்மை' என்பது சோம்பேறித்தனம். ஒருவகை அநியாயமும்கூட.

நிழலைக் குறைத்து உண்மைக்கு நெருங்கியவர்களும் உண்டு. 1956-இல் வந்த 'அபராஜிதோ' படத்துக்குக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். அந்த மாதிரி முற்றத்தில் மேலே திறந்திருக்கும் வானத்திலிருந்து மெத்தென்ற வெளிச்சம் வழியும். ஸ்டுடியோ விளக்கை நேராக அடித்தால் ஆளுக்கு நாலு நிழல் விழும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை வானம்போல விரித்து, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, திரும்பி வந்த வெளிச்சத்தில் எடுத்தார். அங்கே நிழலைக் குறைத்தது அந்த முற்றத்துக்கு விசுவாசமாக இருக்கத்தான். ஆட்களை மாற்ற அல்ல.

விளையாட்டிலும் அப்படி உண்டு. 2014-இல் வந்த 'கில்டி கியர் எக்ஸ்ஆர்டி'யில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி வெளிச்சம். முகத்தில் நிழல் எங்கே மடிய வேண்டும் என்பதைக் கலைஞர்கள் கையாலேயே திருத்தினார்கள். அழிக்கவில்லை, இடம் பார்த்து வைத்தார்கள்.

பெரியப்பாவுக்கும் இது தெரியும் என்பதுதான் என் வருத்தம். வெளியில் படம் எடுக்கும்போது என்னிடம் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடுத்து, "இப்படிக் கொஞ்சம் சாச்சுப் பிடிடா" என்பார். வெயில் வேட்டியில் பட்டு, கன்னத்தின் இருண்ட பக்கத்தில் போய் மெல்லப் படியும். நிழல் இருக்கும், அதற்குள்ளே கண்ணும் இருக்கும். நிறம் மாறாது. அதே மனுஷன்தான் ராத்திரி பென்சிலைச் சீவினார்.

மறுநாள் ராத்திரி அவளிடம் நேற்று பொய் சொன்னதைச் சொன்னேன். "தெரியும், உன் மூஞ்சிலயே தெரிஞ்சுது" என்றாள். இரண்டு விளக்குகளை அணைத்தோம். கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி, கொஞ்சம் மேலே தூக்கி, ஒரு விளக்கை மட்டும் அங்கே விட்டுவிட்டு முன்னால் வந்தோம். இன்னொன்றை மறுபக்கம் மங்கலாக, வேட்டி மாதிரி. தலையை ஒரு சுண்டு திருப்பியதும் முடியின் நிழல் கண்ணைவிட்டு விலகி நெற்றியில் நின்றது. கன்னத்தில் கொஞ்சம் இருட்டு மிச்சம் இருந்தது. நிறம் அவள் தேர்ந்தெடுத்த நிறம். பாதத்துக்குக் கீழே நிழல், படிக்கட்டில் அழுத்தமாக.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது நல்லாருக்குண்ணா" என்றாள்.

இரண்டு படத்தையும் சேமித்து வைத்திருக்கிறாள். ஊருக்குப் போன பிறகு அவள் ப்ரொஃபைலில் வந்தது முதல் நாள் எடுத்த வெளுத்த படம்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டு ஹாலில் சித்தியின் அந்தப் பழைய போட்டோவும் இன்னும் மாட்டித்தான் இருக்கிறது.