தலையெழுத்தும் எட்டு வினாடியும்

ஆயுத பூஜைக்கு மறுநாள் அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தெருக்களில் உடைத்த பூசணிக்காயை மிதிக்காமல் நடப்பது கடினம். லேத், டிரில்லிங் மெஷின், ஃபோர்க்லிஃப்ட் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அதே பேட்டையில் பிற்பாடு எழுந்த கண்ணாடிக் கட்டடங்களில் கணினித் திரைக்கும் அதே பொட்டு. இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க அதில் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சிக்கல் பூஜையில் இல்லை. அடுத்த வாரம், நேற்றுவரை ஓடிய ஒன்று திடீரென்று ஓடாமல் நிற்கும்போது வாயில் வரும் சொல்லில் இருக்கிறது. ‘நேரம் சரியில்லை’, ‘கண் பட்டிருக்கு’, ‘இந்த மெஷின் ராசியே அப்படி’. இவை காரணங்கள்தானா? எல்லாம் அவன் செயல் என்று நம்புகிறவருக்கு, ஒரு பிழை எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்க்கும் கடமை மிச்சம் இருக்கிறதா? இருக்கிறது என்பது என் கட்சி. அந்தக் கடமையை வகுத்துக் கொடுத்தவர்களில் கடவுளை நம்பிய நம் தருக்கவாதிகளும் உண்டு என்பது அதன் மறுபாதி.

நியாயம் என்ற தருக்க மரபினர் காரணங்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். எல்லாக் காரியங்களுக்கும் பொதுவாக நிற்பவை சாதாரண காரணங்கள். ஈசுவரன், காலம், திசை, அதிருஷ்டம் என்று அவர்கள் அழைத்த வினைப்பயன் எல்லாம் அந்த வரிசையில் வரும். குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு மட்டும் உரியவை அசாதாரண காரணங்கள், அதாவது சிறப்புக் காரணங்கள். பானைக்குக் குயவரின் சக்கரமும் கோலும் போல. இதைச் சொன்னவர்கள் நாத்திகர்கள் அல்லர். அந்த மரபின் பெரும்புள்ளியான உதயணர், கடவுள் உண்டு என்று நிறுவுவதற்காகவே ‘நியாயகுசுமாஞ்சலி’யை எழுதியவர். அப்படிப்பட்டவர்கள் ஈசுவரனைப் பொதுவரிசையில் வைத்ததற்குத் தக்க காரணம் உண்டு. பானை உருவானபோதும் ஈசுவரன் இருந்தார், விரிசல் விட்டபோதும் இருந்தார். இரண்டு நிலையிலும் மாறாமல் நிற்பதைக் கொண்டு அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை விளக்க முடியாது. நேற்று பில் சரியாக வந்ததற்கும் இன்று அதே பில்லில் தொகை தப்பாக வந்ததற்கும் விதியே காரணம் என்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் இன்னும் எதையும் சொல்லவே இல்லை, அவ்வளவுதான்.

வித்தியாசத்தைத் தேடும் வழியையும் அந்தக் காலத்துக்காரர்கள் சும்மா விடவில்லை. பூந்தமல்லி வழியாக மேற்கே போகும் நெடுஞ்சாலை காஞ்சிபுரத்துக்குப் போய்ச் சேர்கிறது. மணிமேகலை பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் பாடம் கேட்டது அந்த ஊரில்தான். காப்பியத்தின் 29ஆம் காதையில் பெரும்பகுதி தருக்கப் பாடம். கதை கேட்க வந்தவர்கள் கொட்டாவி விடும் இடமும் அதுதான். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்று எப்போது சொல்லலாம், எப்போது சொல்லக் கூடாது என்று அடிகள் விரிக்கிறார். பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று தவறான வாதங்களை வகைபிரித்து அடுக்குகிறார். இருந்தால் இருப்பது அந்நுவயம்; இல்லாவிட்டால் இல்லாமல் போவது வெதிரேகம். இரண்டும் கூடினால்தான் காரணத்தைப் பற்றிப் பேச முடியும். இதை லேத் பட்டறையில் வைத்துப் பார்க்கலாம். சி.என்.சி. டர்னிங் மெஷினில் காலை ஷிஃப்டின் முதல் சில ஜாப் மட்டும் விட்டம் சில மைக்ரான் தள்ளி வருகிறது. ஆபரேட்டர் ஆஃப்செட்டை மாற்றுகிறார், அடுத்த பீஸ் சரியாக வருகிறது, தன் கை பட்டதால் சரியானது என்று நம்புகிறார். பத்து மணிக்கு அளவு எதிர்ப்பக்கம் தள்ளிப் போகிறது. இரவு முழுக்க ஆறிக் கிடந்த ஸ்பிண்டிலும் பால் ஸ்க்ரூவும் ஓட ஓடச் சூடேறி நீள்வதுதான் விஷயம். நம்புவதற்கு முன் சோதிக்கலாம்: மெஷினைச் சும்மா ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகு முதல் ஜாப்பைப் போட்டால் பிழை வருவதில்லை, நடுப்பகலில் நீண்ட பவர் கட் வந்து மெஷின் ஆறிப்போனால் பிழை திரும்பி வருகிறது. மென்பொருள்காரர்கள் செய்வதும் இதையேதான். பிழையை முதலில் வேண்டும்போது வரவழைப்பார்கள். பிறகு கடைசியாகச் செய்த 1,000 மாற்றங்களைப் பாதி பாதியாக வகுத்து, 10 சோதனைக்குள் குற்றவாளியைப் பிடிப்பார்கள். பிழை மறைந்தால் மட்டும் போதாது, அந்த மாற்றத்தைத் திரும்பப் போட்டால் பிழையும் திரும்ப வரவேண்டும். அதைப் பார்க்காமல் டிக்கெட்டை மூடுகிறவர் ஏதுப்போலியில் விழுந்தவர்.

இது வெறும் கைத்திறன், இதில் தத்துவம் எங்கே என்று கேட்கலாம். அதற்குப் பதிலாக 1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கருவி, கனடாவில் செய்தது. மார்ச் 21 அன்று ஆபரேட்டர் எக்ஸ்-கதிருக்கான எழுத்தைத் தவறித் தட்டிவிட்டு, உடனே மேலே போய் எலக்ட்ரான் கதிர் என்று திருத்தினார். திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வந்தது, குறைந்த அளவே பாய்ந்ததாகவும் காட்டியது. நோயாளி மின்சாரம் தாக்கியதுபோல் துடித்தார். நிறுவனத்துப் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள், பிழை வரவில்லை. அளவு மீறிய கதிர்வீச்சுக்கு வாய்ப்பே இல்லை, மின்கசிவாக இருக்கலாம் என்றார்கள். மின்கசிவும் இல்லை என்று இன்னொருவர் சோதித்துச் சொன்னார். கருவி மறுபடி ஓடத் தொடங்கியது. ஏப்ரல் 11 அன்று இன்னொரு நோயாளிக்கு அதே கதி. இந்தத் தடவை மருத்துவமனையின் இயற்பியலாளர் அந்த ஆபரேட்டரை அருகில் உட்காரவைத்து, அன்று எப்படித் தட்டினாரோ அப்படியே திரும்பத் திரும்பத் தட்டச் சொன்னார். வேகம்தான் காரணம் என்று தெரிந்தது. கருவியின் காந்தங்கள் நிலைக்கு வர 8 வினாடி ஆகும். அதற்குள் திருத்தி முடித்தால் திருத்தியதை நிரல் கவனிப்பதில்லை. சோதிக்க வந்த பொறியாளர்கள் நிதானமாகத் தட்டியிருப்பார்கள்; நாள்தோறும் அதே வேலையைச் செய்து விரல் பழகிய ஒருவருக்குத்தான் அந்தப் பிழை முகம் காட்டியது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு, தத்துவக்காரர்கள் அதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். முந்தைய மாடலான தெராக்-20இலும் அதே பிழை இருந்தது. சிகாகோவில் புதிய மாணவர்கள் கண்டபடி தட்டும் நாட்களில் அதன் ஃபியூஸ் எரிந்துபோகும், அவ்வளவுதான். யாருக்கும் காயம் இல்லை. அந்த மாடலில் கதிரைத் தடுக்கத் தனியே வன்பொருள் பூட்டு இருந்தது. புதிய மாடலில் நிரலை நம்பி அதை எடுத்துவிட்டார்கள். நெருப்பு இருந்தும் சுடாமல் போகுமா என்று நியாயத்தாரும் மீமாம்சகரும் பல நூற்றாண்டு வாதிட்டிருக்கிறார்கள். மணியோ மந்திரமோ ஔடதமோ தடையாக நின்றால் நெருப்பு சுடாது. ஆகவே தடை இல்லாமையையும் காரணங்களுள் சேர்க்க வேண்டும் என்றது நியாயத்தார் வாதம். படிக்கும்போது மயிர்பிளக்கும் வேலைபோலத் தெரியும். டைலரில் உயிர்களைக் கொண்டுபோனது அந்த இல்லாமைதான்.

பொதுக்காரணத்தோடு நின்றுவிட்டால் கேட்க யாரும் தேவையில்லை. சிறப்புக் காரணத்தைத் தேடினால் பார்த்தவரிடம் போய்த்தான் ஆகவேண்டும், அவர் யாராக இருந்தாலும். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவர் என்பதற்கு இலக்கணம் சொல்கிறார்: பொருளை நேரே அறிந்து, அறிந்தபடி சொல்ல விரும்புகிறவர். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் சேர்த்துச் சொல்கிறார். சாதியை மூச்சாகக் கொண்ட சமூகத்தில் இது எவ்வளவு துணிச்சல்! பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகளின் கதையும் இந்தப் பக்கமே நிற்கிறது. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய நம்பிகள் அந்தணர் அல்லர். ராமானுஜர் தம் ஐயங்களுக்குப் பெருமாளிடம் பதில் கேட்டு வரும்படி வேண்டியது அவரைத்தான். கொண்டுவந்த ஆறு வார்த்தைகளைத் தலைமேல் ஏற்றார் என்கிறது குருபரம்பரை. அந்த ஐயங்கள் என்ன என்பதை ராமானுஜர் சொல்லவே இல்லை என்பது கதையின் அழகு. கேள்வி சொல்லாமல் பதில் வாங்குவது காஞ்சி வரதரிடம் நடக்கும்; மற்ற இடங்களில் என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்று மூன்றையும் சொன்னால்தான் எவராலும் உதவ முடியும்.

வலுவான மறுப்பு இஸ்லாமிய மெய்யியலாளர் கஸ்ஸாலியிடமிருந்து வரும். பஞ்சு நெருப்பால் எரிகிறது என்று நாம் பார்ப்பதெல்லாம் இரண்டும் ஒருசேர நிகழ்வதைத்தான். எரிப்பவன் இறைவன் என்றார் அவர். அப்படியானால் சிறப்புக் காரணம் என்பதே கண்மயக்கு. இந்த வாதத்தை உடைக்க முடியும் என்று நான் சொல்லமாட்டேன். உடைக்கத் தேவையும் இல்லை. இறைவன் ஒரு வழக்கப்படிச் செய்கிறான் என்பதை கஸ்ஸாலியும் ஒப்புக்கொள்கிறார். 8 வினாடிக்குள் திருத்தினால் கதிர் மீறும் என்பது அவன் வழக்கம் என்றால், அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்து ஆட்களைக் காப்பாற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை. இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது: காரணம் தெரியாவிட்டால் என்ன, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதே? சரியாகும், பரிகாரம் செய்தால் மனம் ஆறுவதுபோல. வளைகுடாப் போரில் பேட்ரியட் ஏவுகணைக் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. பத்தில் ஒன்று இரும எண்ணில் முழுதாக அடங்காது. மிச்சம் சேர்ந்துகொண்டே போகும். ‘மிக நீண்ட நேரம்’ தொடர்ந்து ஓட்ட வேண்டாம் என்று தகவல் மட்டும் போனது, எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லவில்லை. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த கருவி 100 மணி நேரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது, கடிகாரம் ஏறக்குறைய 0.34 வினாடி தவறியிருந்தது. வந்த ஏவுகணையை அது தவறவிட்டது, 28 வீரர்கள் இறந்தார்கள். ரீஸ்டார்ட் செய்திருந்தாலே தப்பியிருக்கலாம். எப்போது செய்வது என்று தெரிய, ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

பகுத்தறிவாளர்கள் பக்கமிருந்தும் ஒரு மறுப்பு வரும்: இப்படித் தேடுகிறவருக்குச் சாமி எதற்கு? 2023 ஜூலையில் சந்திரயான்-3 மாதிரியோடு இஸ்ரோ விஞ்ஞானிகள் திருப்பதி போனபோது இந்தக் கேலி நிறையவே எழுந்தது. ஆனால் அதே இஸ்ரோ, 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டர் தரையிறங்கும்போது நொறுங்கியதற்குச் சொன்ன காரணங்களில் சாமி எங்கும் வரவில்லை: எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன, அதனால் சேர்ந்த பிழைகளைத் திருத்தும் வேகத்துக்கு மென்பொருள் வரம்பு போட்டிருந்தது, இறங்க ஒதுக்கிய இடம் வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர். விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அடுத்த கலம் அந்தத் தோல்விகளை வைத்தே வடிவமைக்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது. பொதுக்காரணத்தைக் கோயிலிலும் சிறப்புக் காரணத்தை அறிக்கையிலும் வைத்தவர்களை உதயணர் குறை சொல்லியிருக்கமாட்டார்.

துக்கத்தில் இருப்பவருக்கு 8 வினாடிக் கணக்கு ஆறுதல் தராது என்பதையும் மறுப்பதற்கில்லை. ‘எனக்கு ஏன்’ என்ற கேள்வி நிரலின் வரியைக் கேட்பதல்ல. அங்கே பக்கத்து வீட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ‘அவன் எழுதினது அவ்வளவுதான்’ என்றால் அது பொருந்துகிறது. இயந்திரத்தை வைத்து நடத்துகிறவர் அதையே சொல்லும்போது பொருந்தவில்லை. அவர் இப்போதெல்லாம் விதி என்று சொல்வதுமில்லை. பவர் பிரஸ்ஸில் விரல் போனால் விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதப்படுகிறது. கவனக்குறைவு எல்லா மனிதரிடமும் எல்லா ஷிஃப்டிலும் உண்டு, விரல் போகாத நாட்களிலும் உண்டு. அதுவும் சாதாரண காரணம்தான், சாமி பெயர் இல்லாத ஒன்று. பிரஸ்ஸின் தடுப்பு எப்போது கழற்றப்பட்டது, யார் சொல்லிக் கழற்றினார்கள், கழற்றிய பிறகு ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ் கூடுதலாக விழுந்தது என்பவைதான் அந்தக் கட்டத்துக்குள் வரவேண்டியவை.