விளங்காத விதியும் கொடுத்த வாக்கும்

நம்மவர் இருவர் சேர்ந்தால் விலைவாசிக்கு அடுத்தபடியாகப் பேசுவது இலாகாக்களைப் பற்றித்தான். இந்தப் பாரம் எதற்கு, அந்த முத்திரை ஏன், போன வருஷம் செல்லுபடியான கடிதம் இவ்வருஷம் ஏன் செல்லவில்லை என்று புலம்பாத சபுராளி இல்லை. புலம்பலில் தவறில்லை. ஆனால் அப்பேச்சின் கடைசியில், "அர்த்தமில்லாத சட்டத்தை மீறினால் அதில் என்ன பாவம்?" என்று யாராவது கேட்கிறார், மற்றவர்கள் சிரித்துவிட்டுக் கலைகிறார்கள். இது சிரித்துக் கலையக்கூடிய கேள்வியன்று. மத்ரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் படிப்பை முடித்த கடைக்காரன் நான். என் அறிவுக்கு எட்டியதை எழுதுகிறேன்.

விளங்காமையிலும் பல வகை உண்டு. நம் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதுவோம். குடும்பப் பெயர் என்பது நம்மில் அநேகருக்குக் கிடையாது. பாஸ்போர்ட்டில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருப்பதால் ஒன்றில் தகப்பனார் ஏறிக்கொள்கிறார். பிறகு ஆஸ்பத்திரியில் மகனுடைய முறை வரும்போது வாப்பாவின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அவரோ ஊரில் கபுரில் இருக்கிறார்! 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, துபாய்க்குப் புறப்பட இருந்தவர்கள் உள்ள பெயரை எங்கே பிளப்பது என்று தவித்தார்கள். இதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. குடும்பப் பெயர் உள்ளவர்கள் தங்கள் அளவுக்குத் தைத்த சட்டை. நமக்குத் தோளில் பிடிக்கிறது.

சில விதிகளுக்கு வயதாகிவிடுவதும் உண்டு. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து ஊர் திரும்பும் ஆண், தீர்வையின்றி 20 கிராம் தங்க நகை கொண்டுபோகலாம், மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்று இந்தியாவில் 2016ஆம் ஆண்டு விதி சொல்லிற்று. 2024ல் 20 கிராம் தங்கம் ஒரு லட்சத்தைத் தாண்டி நின்றது. கிராமைப் பார்ப்பதா, ரூபாயைப் பார்ப்பதா?

இன்னும் சில விதிகளுக்குக் காரணம் உண்டு. அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தியாவிலிருந்து வொர்க் பெர்மிட்டில் சிங்கப்பூருக்கு வருகிறவர் கட்டடம் கட்டலாம், கப்பல் பட்டறையில் வேலை செய்யலாம். ஆனால் இந்திய உணவகத்தில் ரொட்டி போட முடியாது என்றே நெடுங்காலம் இருந்தது. 2023 செப்டம்பர் முதல் தேதியிலிருந்துதான் இந்திய உணவகச் சமையற்காரர்களுக்கு வழி பிறந்தது. மாதம் 2,000 வெள்ளியாவது சம்பளம் தர வேண்டும். மொத்த ஆட்களில் இத்தனை வீதத்துக்கு மேல் கூடாது என்பவை நிபந்தனைகள். அப்படி வந்தவர் அடுப்படியில் நிற்கலாம். கல்லாவில் உட்காரக் கூடாது. அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவில் பத்தடி தூரம். அந்தப் பத்தடியில் என்ன குற்றம் என்று கேட்காத சாப்பாட்டுக்கடை முதலாளி உண்டா?

பழைய காலத்தைப் பார்த்தால் கொஞ்சம் விளங்கும். நம் பாட்டனார்கள் ரஜூலா கப்பலில் வந்திறங்கிய காலத்திலேயே, 1953ல், குடிநுழைவுச் சட்டம் இறுகிற்று. 1965ல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. வேலையில்லாதோர் மிகுந்திருந்த காலம். பிரஜைகளுக்கே முதலில் வேலை என்றார்கள். மறு ஆண்டே பிரஜையல்லாத தொழிலாளருக்கு வேலை அனுமதிச் சீட்டு வந்தது. 1967ல் ஜொகூர் பாலத்தைக் கடக்கப் பாஸ்போர்ட் பரிசோதனை வந்தது. இக்கரையில் ஒரு கடை, அக்கரையில் ஒரு கடை என்று இருந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய புதிராக இருந்திருக்கும்! உள்ளூர்ப் பிள்ளையின் வேலை போய்விடக் கூடாது என்ற அதே கவலைதான் இன்று அந்தப் பத்தடியிலும் நிற்கிறது. நம் பிள்ளைகளும் இங்கே பிரஜைகள்தாமே. அவர்களுக்காகவும் எழுதப்பட்ட விதி அது.

ஓதுகிற காலத்தில் உஸ்தாதுமார் ஒரு பாகுபாடு சொல்லித் தந்தார்கள். சில சட்டங்களுக்குரிய காரணம் அறிவுக்கு எட்டும். அதை இல்லத் என்பார்கள். சிலவற்றுக்கு எட்டாது. சுபுஹுக்கு இரண்டும் மஃரிபுக்கு மூன்றும் ஏன் என்று எவரும் வழக்காடுவதில்லை, அது வணக்கம். நம்மில் சாதுவான சிலர் சர்க்கார் விதியையும் இந்த இரண்டாம் வகையில் சேர்த்துவிடுகிறார்கள். கவுண்டரில் சொல்லிவிட்டால் சரி, மறுகேள்வி கூடாது என்கிறார்கள். பார்வைக்குப் பணிவாகத்தான் இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. படைத்தவன் விதித்ததற்கும் ஒரு குமாஸ்தா எழுதியதற்கும் ஒரே மரியாதையா? மனிதன் எழுதிய விதிக்குக் காரணம் ஏதாவது ஒரு கோப்பில் இருந்தாக வேண்டும். அதைக் கேட்கலாம்; எழுத்தில் கேட்பது இன்னும் நல்லது.

கெட்டிக்காரர்கள் வேறு விதம். காரணம் விளங்கவில்லையா, விதியே இல்லை என்று வைத்துக்கொள்வார்கள். பாதுகாப்பு வாக்குப் பெற்று ஒரு நாட்டினுள் நுழைந்தவன் அந்நாட்டாரை மோசம் செய்யலாகாது என்று ஃபிக்ஹில் அமான் பற்றிய பாடம் சொல்கிறது. விசா என்னும் தாள் அந்த அமானின் இன்றைய உருவம் என்று ஆலிம்கள் சொல்வது பொருத்தமாகவே படுகிறது. பெர்மிட்டுக்குக் கையெழுத்திடும் முதலாளியும் ஒரு வாக்குக் கொடுக்கிறார். எல்லா ஷரத்தும் விளங்கினால்தான் வாக்குச் செல்லும் என்றால் பஜாரில் ஒரு கடனும் வசூலாகாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சமையல் பெர்மிட்டில் வந்த பையனைக் கல்லாவில் உட்காரவைக்கிறோம். பரிசோதனை வந்தால் முதலாளிக்கு அபராதம். வலிக்கும், ஆனாலும் கடை திறந்திருக்கும். பையனுக்கோ பெர்மிட் போய்விடும். மீண்டும் இந்நாட்டுக்குள் வரும் வழியும் அடைபடலாம். இங்கே வருவதற்காக ஊரில் அவன் உம்மாவின் நகை அடகில் இருக்கும். அர்த்தமில்லாத சட்டத்தை மீறுவதில் என்ன பாவம் என்று கேட்டவர், மீறுவதன் கூலியை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டாரா?

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். விளங்காமல் கையெழுத்திட்டாலும் வாக்கு வாக்குதான் என்று மேலே எழுதினேன். அதையே அந்தப் பையனுக்கும் சொல்லலாமா? அவனும் கையெழுத்திட்டுத்தானே வந்தான்? சிங்கப்பூர் சட்டப்படி, சம்பளமும் பிடித்தங்களும் எழுதப்பட்ட அனுமதிக் கடிதம், ஆள் ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே அவன் கைக்குப் போக வேண்டும். நடுவிலுள்ள ஏஜெண்டு சில வேளைகளில் அதைத் தானே வைத்துக்கொண்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடு தம்பி" என்கிறார். இங்கே உரிமம் பெற்ற ஏஜெண்டு தொழிலாளியிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாதென்று விதி இருக்கிறது. கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து வாங்குகிறவருக்கு அது எட்டுவதில்லை.

பண்டத்தின் குறையை மறைத்து விற்றால், வாங்கினவனுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டென்று நாம் ஓதியிருக்கிறோம். படித்தறிய வாய்ப்பிருந்தும் படிக்காமல் கையெழுத்திட்டவன் வேறு; அறியவிடாமல் தடுக்கப்பட்டவன் வேறு. அறியவிடாமல் செய்தவருக்கு அந்தக் கையெழுத்தைக் காட்டிப் பேசும் ஹக்கு இல்லை என்பதே என் முடிவு.

இலாகா நமக்குச் செய்வதாக நாம் சொல்கிற ஒவ்வொன்றையும் நம் சிப்பந்திக்கு நாம் செய்கிறோமோ என்ற சந்தேகம் எனக்குண்டு. மலேசியர் அல்லாத ஒவ்வொரு வொர்க் பெர்மிட் ஆளுக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணை கட்டுகிறார். ஆள் ஓடிவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து அவன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டுகிறார். பத்திரத்துக்காக என்பார். பிறர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இங்கே குற்றம், அது ஒருபுறமிருக்கட்டும். கேட்டால் காரணம் சொல்லாத, வேண்டும்போது திருப்பித் தராத அந்தப் பெட்டிக்கும், நாம் திட்டுகிற கவுண்டருக்கும் என்ன வித்தியாசம்? பெர்மிட்டுக்குச் சர்க்கார் விதிக்கும் மாதத் தீர்வையைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அதுவும் நம் பையன்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவரை நமக்கு லாபம் என்று நினைப்பவர், இலாகாவின் தமிழில்லாத பாரத்தைப் பற்றிக் குறைகூற வேண்டாம்.

புதிதாக ஆள் வந்தால் இஷாவுக்குப் பிறகு, கடை ஓய்ந்த நேரத்தில், அவருடைய கடிதத்தை வரிவரியாக வாசித்துப் பொருள் சொல்வது என் வழக்கம். ஒரு மணி நேரம் பிடிக்கும். எனக்கே விளங்காத வரியைக் கோடிட்டு வைத்து, மனிதவள அமைச்சுக்கு எழுதிக் கேட்போம். பதில் வந்ததும் உண்டு, வராததும் உண்டு. சென்ற ஆண்டு வந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதலாளி, நீங்கள் நினைத்தால் என் பெர்மிட்டை ரத்துச் செய்யலாம் என்றீர்களே, எனக்கு அப்படி ஏதாவது உண்டா?" என்றார். ராஜிநாமா செய்யலாம் என்றேன். "அப்போதும் ஊருக்குப் போவது நான்தானே?" என்றார். அந்த வரியையும் கோடிட்டு வைத்திருக்கிறேன்.