உள்ளத்தின் நோயும் நமது கடமையும்

காய்ச்சல் கண்ட பிள்ளையை நாம் ஒளித்து வைப்பதில்லை. கால் முறிந்தவனைப் பற்றி அக்கம்பக்கத்தாரிடம் சொல்ல வெட்கப்படுவதுமில்லை. மனம் நோயுற்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். உடலைப் படைத்த அதே அல்லாஹுதான் உள்ளத்தையும் படைத்தான். ஒன்றின் நோய் அனுதாபத்துக்கும், மற்றொன்றின் நோய் அவமானத்துக்கும் உரியதாக ஆனது எப்படி? சிந்திக்க வேண்டாமா?

திருப்பூரில் எங்கள் மஹல்லாவில் ஒரு குடும்பம். மகன் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஆர்டர் நெருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிஃப்ட். சில வேளை விடிய விடிய வேலை. ஒரு ரமலானுக்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் போயிற்று. மெஷின் சத்தத்துக்குள் யாரோ தன்னைப் பெயர் சொல்லித் திட்டுவதாகச் சொன்னான். டீயில் எதையோ கலந்து கொடுக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டான். தகப்பனார் தண்ணீர் ஓதிக் கொடுத்தார், தாயத்துக் கட்டினார், குணமாகவில்லை. என்னிடம் யோசனை கேட்டார். “மகளுக்கு நிக்காஹ் பேச்சு நடக்கிறதே பாய், ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். கொஞ்ச நாள் வெளியூரில் எங்காவது வைத்திருங்கள்” என்று சொன்னவன் நான்தான்.

நான்கு மாதம் கழித்து அவனைத் திரும்ப அழைத்து வந்தார்கள். அவன் கணுக்காலில் கயிறு அறுத்த தழும்பு இருந்தது. அதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கயிற்றைக் கட்டியவர் யாரோ. அதற்கு வழி சொன்ன நாவு என்னுடையது.

அப்போது எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் சிக்கினார்கள். 28 பேர் மாண்டார்கள். எல்லாச் சமயத்தாரும் ஷிஃபாவை நாடி தர்காவுக்கு வரும் ஊர் அது. அவர்களை அங்கே விட்டுச் சென்ற உறவினர் எல்லோரும் கல்நெஞ்சர் அல்லர். வேறு வழி தெரியாதவர்களும், ஊர் வாய்க்கு அஞ்சியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். நானும் அஞ்சியவன்தானே!

மனநோய்க்கு மருத்துவம் என்பது மேனாட்டார் கொண்டுவந்த புதுமை என்று சிலர் எண்ணுகின்றனர். மனத்தை ஆராயும் கல்வி தனிச் சாத்திரமாக உருப்பெற்றது ஜெர்மனியில்தான். அங்கே லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் ஆராய்ச்சிக்கூடம் நிறுவினார். நம் நாட்டில் கல்கத்தா பல்கலைக்கழகம் 1916-இல் உளவியல் துறையைத் தொடங்கியது. ஆனால் இவற்றுக்கெல்லாம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பல்கு நகரத்து அறிஞர் அபூ ஜைத் அல்பல்கி உடல் நலம், உள்ள நலம் இரண்டையும் சேர்த்து ஒரே நூலில் எழுதினார். அவர் மறைந்தது கி.பி. 934-இல். கோபம், அச்சம், துயரம், ஓயாத வீண் எண்ணம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துச் சொன்னார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமே தெரியாமல் வரும் துயரம் வேறு என்றும், பின்னதற்கு உடலிலும் மருத்துவம் வேண்டும் என்றும் விளக்கினார். கெய்ரோவில் 1284-இல் எழுந்த மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப் பகுதி இருந்தது. சென்னையில் மனநோயாளருக்கென விடுதி அமைந்தது 1794-இல். அதன் வழிவந்ததே கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. நம் முன்னோர் கற்றறிந்ததை நாம் மறந்துவிட்டு, மறதிக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டலாமா?

“மருந்தை நாடுவது தவக்குலுக்குக் குறைவல்லவா?” என்று கேட்பார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வை என்று போதித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அவர்களே. “இது ஜின்னின் வேலையாக இருந்தால்?” என்பார்கள். ஓதுங்கள், யார் தடுத்தார்? ஓதுவதற்குச் சங்கிலி எதற்கு?

வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண்மணி பெருமானாரிடம் வந்து துஆச் செய்யக் கேட்ட வரலாற்றைப் பாருங்கள். பொறுமை கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமாகத் துஆச் செய்கிறேன் என்று இரண்டையும் அவரிடமே சொன்னார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார்; ஆனால் வலிப்பு வரும்போது தம் ஆடை விலகாதிருக்க வேண்டினார். அதற்காகப் பெருமானார் துஆச் செய்தார்கள். நோயாளியிடமே விருப்பம் கேட்டார்கள். அவருடைய மானத்தைக் காத்தார்கள். நாமோ குடும்ப மானத்தைக் காக்க நோயாளியின் மானத்தைப் பறிக்கிறோம்! புத்தி பேதலித்தவர், தெளியும் வரை, மார்க்கக் கடமைகளுக்குக்கூடப் பொறுப்பாளி அல்லர். அல்லாஹ் கணக்குக் கேட்காதவரை நாம் கட்டிவைத்துத் தண்டிப்பது எந்த நியாயம்?

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடுத்துவிட்டது. ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர் பார்க்கவும், வந்தவர் தம் துஆவைத் தொடரவும் அரசு பின்னாளில் ஏற்பாடு செய்தது. தவாவும் துஆவும் பகை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? இன்று 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் உண்டு.

அந்தப் பிள்ளை மருந்து உட்கொள்கிறான். முழுக் குணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பகல் ஷிஃப்டில் மட்டும் வேலைக்குப் போகிறான். லுஹருக்குப் பள்ளியில் என் பக்கத்து ஸஃப்பில் நிற்கிறான். தங்கையின் நிக்காஹும் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் தகப்பனார் எதையும் மறைக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னார்: “நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன் பாய். ரெண்டு பேருக்கும் ஊருப் பயம்தான்.”

அன்புச் சகோதரர்களே! நோய்வாய்ப்பட்டவர் நம் வீட்டில் இறைவன் ஒப்படைத்த அமானத். ஊருக்கு அஞ்சி அதை ஒளிக்காமல், அல்லாஹ்வுக்கு அஞ்சிப் பேணுவோமாக. வல்ல நாயன் அருள்புரிவானாக, ஆமீன்!