கடைசியாகத் தொட்டவன்

உழைப்பினால் தேய்கிற பொருள்களை நாம் எல்லோரும் அறிவோம். வண்டியின் அச்சு தேயும். செருப்பின் அடி தேயும். அம்மியும் குழவியும்கூடத் தேயும். ஆனால் சும்மா இருப்பதனாலேயே கெட்டுப் போகிற பொருள்களும் உலகத்தில் உண்டு. பூட்டிக் கிடக்கும் வீடு கெடும். இறைக்காத கிணறு கெடும். இவை கெடும்போது ஓசை எழுவதில்லை. மறுபடி அவற்றிடம் வேலை வாங்கப் போகும் நாளில்தான் கேடு வெளியே தெரிகிறது. அந்த நேரத்தில் யாருடைய கை அதன்மேல் இருக்கிறதோ, பழி அவன்மேல் விழுந்துவிடுகிறது.

அது நியாயம்தானா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பிவிட்டது குளிர்சாதன யந்திரம் ஒன்று.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருஞ்சாலையில், விழுப்புரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர் விக்கிரவாண்டி. பண்ருட்டி, கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்குப் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. பெண் வீட்டார் ஒரு திசையிலும் பிள்ளை வீட்டார் வேறு திசையிலும் இருந்தால், இருவருக்கும் பொதுவாக இந்த ஊரில் மண்டபம் பிடிப்பது வசதி. அப்படிப் பிடித்த ஒரு மண்டபத்தில் நண்பரின் மகளுக்குத் திருமணம். மார்கழி கழிந்து தை பிறந்ததும் வந்த முதல் முகூர்த்தம் அது.

முகூர்த்தத்துக்கு முதல்நாள் மாலை நான்கு மணி இருக்கும். மாடியில் இருந்த பெரிய ஏ.ஸி. யந்திரத்தை ஓட்டுவதற்காக மெக்கானிக் ஒருவர் வந்தார். நாற்பது வயதுக்காரர். மெயின் சுவிட்ச் அணைந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"முதலாளி, மெயினை அணைக்காதீங்கன்னு கார்த்திகையிலேயே சொல்லிட்டுப் போனேனே. இப்போ ஒருநாள் பூராவும் சூடேறணும். நாளைக்குச் சாயங்காலம்தான் ஓட்டலாம்" என்றார்.

"நாளைக்குச் சாயங்காலம் மண்டபத்தில யாருப்பா இருப்பாங்க? ஓடாத மெஷினுக்கு ஒரு மாசம் கரண்டு பில்லு கட்டச் சொல்றியா? விருந்தாளிங்க வாசல்ல வந்தாச்சு. போடு தம்பி!" என்றார் மண்டபத்துக்காரர்.

போட்டார். யந்திரம் கடகடவென்று சில நிமிஷம் அரற்றிவிட்டு நின்றது. அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"நல்லா இருந்த மெஷினை உடைச்சுட்டியே!" என்று மண்டபத்துக்காரர் கத்தினார். அன்றைய கூலியும் கொடுக்கவில்லை. கூடியிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது சரியாகவே பட்டது. அவர்கள் கண்ணால் கண்டது அதுதானே? அவர் கைவைத்தார், யந்திரம் நின்றது.

மின்விசிறிகளின் காற்றில் திருமணம் இனிதே நடந்தது. மார்கழியின் குளிர்ச்சி முற்றும் போகாத நாள்கள் ஆகையால் யாரும் வியர்த்து வாடவில்லை. ஆனால் அந்த மெக்கானிக்கின் முகம் என்னை விடவில்லை. அவர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியபோது நானும் கூடவே போனேன். என்ன நடந்தது என்று கேட்டேன். எனக்குப் புரியும்படி சொன்னார்.

யந்திரத்தின் இதயம் கம்ப்ரஸர். அதன் அடிவயிற்றில் எண்ணெய் இருக்கிறது. குளிர்ச்சியைச் சுமந்து திரிகிற கேஸ் குழாய்களின் வழியே சுற்றி வருகிறது. யந்திரம் ஓடும்வரை இரண்டுக்கும் சச்சரவு இல்லை. நின்றுவிட்டால், எந்த இடம் அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அந்த இடத்தை நாடி கேஸ் மெல்லப் போகிறது. மார்கழி இரவுகளில் பூட்டிய மண்டபத்தின் உட்புறம் வெதுவெதுப்பாக இருக்கும். மொட்டை மாடியில் பனியில் நனைந்து நிற்கிற கம்ப்ரஸர்தான் குளிர்ந்திருக்கும். கேஸ் அங்கே போய்ச் சேர்ந்து திரவமாகிறது. எண்ணெயோடு அதற்கு இயல்பாகவே ஓர் ஈர்ப்பு உண்டு. அதில் கரைந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்படி இரவு இரவாக ஒரு மாதம்.

பிறகு ஒருநாள் சுவிட்சைப் போடுகிறோம். உள்ளே அழுத்தம் சட்டென்று குறைகிறது. கரைந்திருந்த கேஸ் கொதித்துக் கிளம்புகிறது. அடுப்பில் பால் பொங்கி வழிவதுபோல எண்ணெய் நுரைத்துக் கேஸோடு வெளியே ஓடிவிடுகிறது. சுழலும் பாகங்கள் எண்ணெய்ப் பசையில்லாமல் இரும்போடு இரும்பாக உரசுகின்றன. காற்றைப்போல ஆவியை அமுக்கலாம். திரவத்தை அமுக்க முடியாது. திரவம் உள்ளே புகுந்துவிட்டால் வால்வு ஒடிந்துபோகும்.

இதைத் தடுக்க ஒரு சிறிய ஏற்பாடு இருக்கிறது. கம்ப்ரஸரின் அடிப்பாகத்தைச் சுற்றி இடுப்புக் கச்சைபோல ஒரு சூட்டுப் பட்டை. கிராங்க்கேஸ் ஹீட்டர் என்று பெயர். சுற்றுப்புறத்தைவிட எண்ணெயைக் கொஞ்சம் கதகதப்பாக வைத்திருப்பதுதான் அதன் வேலை. அந்தக் கதகதப்பு இருக்கும் இடத்தில் கேஸ் தங்குவதில்லை. மின்சாரம் நெடுநேரம் நின்றுபோயிருந்தால், பட்டைக்குப் பன்னிரண்டு மணி நேரமோ ஒரு முழுநாளோ உயிர் கொடுத்த பிறகே ஓட்டவேண்டும் என்று யந்திரம் செய்கிறவர்கள் எச்சரிக்கிறார்கள். மெயினை அணைத்தால் பட்டையும் அணைந்துவிடும். மண்டபத்துக்காரர் செய்தது அதுதான்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆளில்லாத அறையில் விளக்கை அணை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அதையேதான் அவரும் செய்தார். எழுபது வாட் பட்டை ஒன்று ஒரு மாதம் இடைவிடாமல் எரிந்தால் ஐம்பது யூனிட் ஆகும். பணம் எண்ணிச் செலவு செய்கிறவருக்கு அது கண்ணில் படும் தொகைதான். தவிர, எல்லா யந்திரத்துக்கும் இந்தப் பட்டை வேண்டும் என்பதும் இல்லை. வீட்டு அறைகளில் உள்ள சிறிய பெட்டிகள் பலவற்றில் இது கிடையாது. பெரிய யந்திரத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கும்போது தன் சூடே அதற்குப் போதும். அப்போதும் பட்டையை எரிப்பது வீண்தான். ஆகவே, எந்நேரமும் செலவு செய்துகொண்டே இருப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டிவிட முடியாது.

அப்படியானால் சிக்கனம் எங்கே முடிகிறது? பொறுப்பின்மை எங்கே தொடங்குகிறது?

எனக்கு ஓர் அளவுகோல் தோன்றுகிறது. மிச்சம் பிடிக்கிறவனே அதன் விளைவையும் ஏற்றுக்கொண்டால் அது சிக்கனம். மிச்சம் ஒருவன் பையிலும் பழி வேறொருவன் தலையிலும் போய்ச் சேர்ந்தால் அதற்கு வேறு பெயர்தான் சொல்லவேண்டும். யந்திரம் பழுதான நஷ்டம் மண்டபத்துக்காரருடையது, உண்மை. ஆனால் ஐம்பது யூனிட்டை மிச்சம் பிடித்தது தாம் என்பதை அவர் கூட்டத்தின் முன்னால் சொல்லவில்லை. கூலிக்காரனின் பெயரைச் சொன்னார்.

மெக்கானிக்கிடம் குற்றமே இல்லையா என்று வாசகர் கேட்கலாம். தெரிந்திருந்தும் ஏன் சுவிட்சைப் போட்டார்? மறுத்திருக்கலாமே? மறுத்திருக்கலாம்தான். ஆனால் மறுக்கும் உரிமையை மனிதன் எங்கிருந்து பெறுகிறான் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். மறுத்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எச்சரிப்பது அவர் கடமை, எச்சரித்தார். முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இல்லை. அதிகாரம் இல்லாதவனிடம் பொறுப்பை மட்டும் ஒப்படைப்பது நம் சமுதாயத்தில் வெகு நாளைய வழக்கம்.

இதே விக்கிரவாண்டிப் பக்கத்தில் 2024-ஆம் ஆண்டு நடந்த ஒன்றை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடாயிற்று. டிசம்பர் 2-ஆம் தேதி, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. ரயில்களை நிறுத்தினார்கள். பல ரத்தாயின, சில வேறு பாதையில் போயின. பயணிகளுக்குத் தொல்லைதான். ஆனால் அந்தப் பாலத்தில் ஒரு ரயிலும் விழவில்லை. விழாத ரயிலைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாகத் தெற்கே போகும் இருப்புப்பாதையில் இன்னும் சற்றுத் தொலைவு சென்றால் அரியலூர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி, அதற்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்போது ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அந்த ரயிலை ஓட்டியவர் அல்லர். பாலத்தைக் கட்டியவரும் அல்லர். கடைசியாகத் தொட்டவனைத் தேடியிருந்தால் யாரோ ஓர் ஊழியனோடு கதை முடிந்திருக்கும். அவர் தம் பதவியைத் துறந்தார். அதிகாரம் தம்மிடம் இருந்தது, ஆகவே பொறுப்பும் தம்முடையது என்று அவர் கருதினார். இன்றும் அந்த ராஜிநாமாவை எடுத்துச் சொல்கிறோம் என்றால், அத்தகையது எவ்வளவு அரிதானது என்பதற்கு அதுவே சாட்சி.

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. அண்ணன் தம்பி இருவர் பல வருஷம் ஒருவரை ஒருவர் விசாரிக்காமல் இருக்கிறார்கள். சண்டையில்லை, சும்மா இருக்கிறார்கள், அவ்வளவுதான். பிறகு ஒரு கல்யாணத்திலோ காரியத்திலோ கூடுகிறார்கள். யாரோ ஒரு மருமகள் ஏதோ ஒரு வார்த்தை சொல்கிறாள். உறவு முறிகிறது. "அவள் வந்துதான் குடும்பத்தைப் பிரித்தாள்" என்று ஊர் பேசுகிறது. விசேஷம் எதுவும் இல்லாத நாளில் எழுதாமல் விட்ட கடிதங்களையும், பேசாமல் விட்ட பேச்சுகளையும் யார் கணக்கில் எழுதுவது?

நிகழ்ந்த கேட்டுக்குக் கணக்கு எழுதுவது சுலபம். நிகழாமல் போன கேட்டுக்குக் கணக்கு எழுத நாம் இன்னும் பழகவில்லை. அதனால்தான் காவல் காப்பவன் சும்மா உட்கார்ந்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. முண்டியம்பாக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஓர் இரவு விபத்து ஒன்றும் வராமல், விழித்தபடியே பொழுதைக் கழித்த நர்ஸ் அன்று வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட முடியுமா? அவள் விழித்திருந்தாள் என்பதே வேலைதான்.

எதுவாவது பழுதாகி நிற்கும்போது, "கடைசியாகத் தொட்டது யார்?" என்றுதான் நம் வாய் முதலில் கேட்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கலாம்: "இது சும்மா இருந்த நாள்களில் இதைக் காக்கவேண்டியது யார்? வேண்டாம் என்று சொன்னது யார்?" இதற்குப் பதில் தெரியும்வரை, தொட்டவனுடைய கூலியை நிறுத்தி வைக்க நமக்கு உரிமையில்லை.