அழ முடியாத பிள்ளை

தியானப் பகுதி: மாற்கு 15:23, லூக்கா 22:61, 62



காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்த வீட்டில் ஜெபிக்கப் போனாலும், ஜெபம் முடிந்து செருப்பைப் போடும்போது தாய்மார் காதோடு சொல்லுகிற காரியம் இப்போது மாறிவிட்டது. முன்பெல்லாம், “பாஸ்டர், வீட்டுக்காரர் குடிக்கிறார்” என்பார்கள். இப்போது, “பாஸ்டர், பையன் ஒரு மாதிரி இருக்கான். தாத்தா செத்ததுக்குக்கூட அழலை. நேத்து நடந்ததைக் கேட்டா ஞாபகம் இல்லைங்கறான். யாரோ அந்நியன் மாதிரி பார்க்கிறான்” என்கிறார்கள்.

அம்மா, உன் பிள்ளைக்குக் கல்நெஞ்சு என்று உடனே முடிவு கட்டாதே. அவன் அழ மறுக்கவில்லை. அழுகை வருகிற வழியே அடைபட்டிருக்கிறது. இந்த மாதம் அதைத்தான் நாம் தியானிக்கப் போகிறோம்.

தேவன் நம் மண்டைக்குள் வைத்திருக்கிற ஒரு சின்ன உறுப்புக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். கடல் குதிரை தெரியுமல்லவா, நம் ஆட்கள் வலையில் சில நேரம் சிக்கும். அந்த வடிவத்தில் இருப்பதால்தான் அந்தப் பெயர். இன்று கேட்டதை நாளைக்கு ஞாபகமாகச் சேர்த்து வைப்பது அதன் வேலை. அதற்குப் பக்கத்தில் பாதாம் பருப்பு போல இன்னொன்று, அமிக்டலா. பயம், ஆபத்து இவற்றை அறிவதிலும், எதிரே இருப்பவர் முகத்தில் கோபமா துக்கமா என்று கண்டுகொள்வதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கஞ்சா இந்த இரண்டிலும் போய் உட்காருகிறது.

இதில் ஒரு ஆச்சரியம் கேளுங்கள். கஞ்சாவில் போதை தருகிற பொருளை 1964-ல் பிரித்தெடுத்தவர் இஸ்ரவேல் தேசத்து விஞ்ஞானி ரபேல் மெக்கோலம். 1992-ல் எருசலேமிலுள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவினர், அதே போல வேலை செய்கிற ஒரு பொருளை மூளை தானாகவே சுரப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் அனந்தமைட். நம் நாட்டுச் சொல்லாகிய ‘ஆனந்தம்’ என்பதிலிருந்து எடுத்தது! தேவன் துளித்துளியாக, வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்துக்கு மட்டும் சுரக்க வைத்ததை, இவன் பொட்டலம் பொட்டலமாக உள்ளே கொட்டுகிறான். அப்புறம் ஞாபகம் நிற்குமா? தாயின் அழுத முகம் எதிரே இருந்தும் அது அவன் மனசில் தைப்பதில்லை. சிலருக்கு அளவு கூடினால் தலைகீழாகி, எல்லார் மேலும் சந்தேகமும் பயமும் வருகிறது.

மாத்திரை கதை இன்னும் மோசம். தூக்க மாத்திரையை போதைக்காகப் போடுகிறவன் நடப்பான், பேசுவான், சண்டை போடுவான், அம்மாவைப் பிடித்துத் தள்ளுவான். காலையில் கேட்டால் தெரியாது என்பான். நடிக்கிறான் என்று நினைக்கிறோம். பல நேரம் அது நிஜம். அந்த மாத்திரை உள்ளே இருக்கும் நேரத்தில் நடப்பது மூளையில் பதிவதே இல்லை. வலி மாத்திரை வேறு விதம். உடம்பு வலியும் பிரிவின் வலியும் மூளையில் ஓரளவு ஒரே தெருவழியாகப் போகின்றன. ஒன்றை மரக்கடித்தால் மற்றதும் மரத்துப்போகும். பையன்கள் முகர்கிற தின்னர், ஒயிட்னர் போன்றவற்றில் டொலுவின் என்கிற ரசாயனம் இருப்பதுண்டு. மூளை நரம்புகளின் மேல் உறையையே அது அரித்துவிடும். ஓட்டை வழியாக ஐஸ் கரைகிற மாதிரி பிள்ளையின் புத்தி கரைகிறது.

பிரியமானவர்களே, மறதி ஒரு சின்ன நஷ்டமா? பேதுருவைப் பாருங்கள். மூன்று தரம் மறுதலித்தான். சேவல் கூவிற்று. ஆண்டவர் திரும்பி அவனைப் பார்த்தார். அப்போது அவனுக்கு என்ன நடந்தது? ஆண்டவர் முன்பு சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகம் வந்த பிறகுதான் வெளியே போய் மனங்கசந்து அழுதான். வரிசையைக் கவனியுங்கள்: முகத்தைக் கண்டான், நினைத்தான், அழுதான். இந்த மூன்றும் போன பிள்ளை எப்படி மனந்திரும்புவான்? செய்ததே நினைவில் இல்லாதவனிடம், “நீ செய்ததற்கு வருத்தப்படு” என்றால் எதைப் பிடித்து வருத்தப்படுவான்? ஆகவே சாத்தான் நம் தெருவில் திருடுவது பணத்தை மட்டுமல்ல. பாவியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிற பாதையையே திருடுகிறான். இளைய குமாரனுக்கும் பன்றித் தொழுவத்தில் புத்தி தெளிந்த பின்புதான் தகப்பன் வீட்டு அப்பம் ஞாபகம் வந்தது.

இப்போது சிலுவைக்கு வாருங்கள். கொல்கொதாவில் ஆண்டவருக்கு வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். வலி தெரியாமல் இருக்க மரண தண்டனை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற வழக்கம் அது. அவர் வாங்கவில்லை. ஏன்? நம் வலியை முழு நினைவோடு சுமந்தார் என்று பிரசங்கிக்கிறோம். சரிதான். ஆனால் யோவான் 19-ஐயும் சேர்த்துப் பாருங்கள். அந்த வேதனையிலும் கீழே நின்ற தாயைக் கண்டார், சீஷனைக் கண்டார், தாய்க்கு ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார். பக்கத்தில் தொங்கின கள்ளனுக்குப் பதில் சொன்னார். தெளிந்த மனசில்லாமல் இதெல்லாம் நடக்குமா? (இதைச் சொல்லி ஆபரேஷனுக்கு மயக்க ஊசி வேண்டாம் என்று யாரும் அடம்பிடிக்க வேண்டாம், தயவுசெய்து.)

துக்கமில்லாத வீடு நம் பகுதியில் எது? 2004 சுனாமி, 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் பரவின எண்ணெய், நஷ்டமான வலை, ராத்திரி ஷிப்ட், ஒப்பந்த வேலை. பையன் மறக்கத்தான் ஆரம்பிக்கிறான். முதலில் சந்தோஷமாகத்தான் இருக்கும், இல்லை என்று சொன்னால் அவனே சிரிப்பான். நாளாக ஆக, மூளை அந்தப் பெரிய சந்தோஷத்துக்குப் பழகி, மீன் குழம்பும், கிரிக்கெட்டும், தங்கச்சியின் பேச்சும் ருசிக்காமல் போகிறது. அப்புறம் போடுவது சந்தோஷத்துக்காக அல்ல, நடுக்கமும் எரிச்சலும் வராமல் இருக்க. அழாமல் வைத்த துக்கமோ அப்படியே உள்ளே காத்திருக்கிறது.

இது நம் தெருவின் அவமானம் மட்டும் என்று ஒளிக்காதீர்கள். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் 3.1 கோடி பேர் கஞ்சா, பாங்கு வகையும், 2.26 கோடி பேர் அபின் வகையும் எடுத்தவர்கள். மதுவினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-லேயே நம் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையின் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார். நாற்பது வருஷத்துக்கு மேலாக வைத்தியம் இருக்கிற வியாதி இது.

ஆகவே விசுவாசிகளுக்கு ஒரு கண்டிப்பு. சிகிச்சையிலிருக்கிற பையனிடம், “விசுவாசம் இருந்தா டாக்டர் மாத்திரையைத் தூக்கிப் போடு” என்று சொல்லுகிறவர்கள் நம் நடுவிலும் உண்டு. சொல்லாதீர்கள்! மாதக்கணக்கில் தூக்க மாத்திரை போட்டவனும், தினம் நிறையக் குடிப்பவனும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். டாக்டர் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைப்பார். பவுடரோ வலி மாத்திரையோ சில வாரம் விட்டவன் மறுபடி பழைய அளவைத் தொட்டால் மூச்சே நின்றுவிடலாம், அதையும் அவனுக்குச் சொல்லி வையுங்கள். லூக்கா ஒரு வைத்தியன்தான், பவுல் அவனைத் தள்ளிவிடவில்லை.

பெற்றோரே, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போதையில் நிற்கிறவனிடம் ஒரு மணி நேரம் புத்தி சொல்லுகிறீர்களே, அது தண்ணீரில் எழுதுவது. படுக்க வையுங்கள். ஒருக்களித்துப் படுக்கட்டும், மூச்சைப் பாருங்கள், எழுப்பியும் எழாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்த பகலில், சத்தம் போடாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவனுக்கு இல்லாத ஞாபகத்தை நீங்கள் வைத்திருங்கள். கஞ்சாவை நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களில் ஞாபகசக்தி தேறுகிறது. மனசு மலர இன்னும் மாதங்கள் ஆகும். அந்த வெறுமையான மாதங்களில்தான், “இதுக்கு அதுவே பரவாயில்லை” என்று திரும்பிப் போகிறார்கள். அப்போது ஒரு நாள் காரணமே இல்லாமல் அவன் தேம்பி அழுதால் பதறாதீர்கள், அதட்டி நிறுத்தாதீர்கள். தாத்தாவுக்கான அழுகை இப்போதுதான் வருகிறது.

14446 என்ற இலவச எண்ணில் அரசின் ஆலோசனை கிடைக்கும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. கூட வர ஆள் இல்லாதவர்கள் வெள்ளி உபவாச ஜெபம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், நான் வருகிறேன். வீட்டில் கிடைத்த மாத்திரை அட்டையை எரித்துவிடாமல் கையோடு கொண்டு வாருங்கள், என்ன மாத்திரை என்று டாக்டர் முதலில் கேட்பார்.